விருப்பமா? விலக்கா?

"அந்தச் சமூகத்தாருக்கு அந்தத் தொழில்தான் பிடிக்கும், பெண்பிள்ளைகளுக்கு நர்ஸ் வேலைதான் பொருந்தும்." கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இத்தகைய பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு தொழிலில் ஒரு சாரார் நிறைந்திருக்கிறார்கள். வேறொரு தொழிலில் அவர்களைக் காண்பதே அரிதாயிருக்கிறது. இது அவர்களே விரும்பித் தெரிந்துகொண்டதா? அல்லது பிறர் அடைத்த கதவின் விளைவா? சற்றே சிந்திப்போம்.

இக்கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாயிருந்த காலம் அது. உயர் உத்தியோகங்கள் வெளியாருக்கே போகின்றன என்று முறையிட்டு 1891இல் மலையாளி மெமோரியல் என்னும் மனு மன்னரிடம் அளிக்கப்பட்டது. ஈழவர்களுக்கு அரசுப் பணி மறுக்கப்படுவதும் அதில் எடுத்துரைக்கப்பட்டது. அரசு தந்த மறுமொழி யாது? அவர்கள் பெரும்பாலும் கல்வியறிவற்றவர்கள். உத்தியோகத்துக்குரிய படிப்பை நாடுவதைவிட உழவு, கயிறு திரித்தல், கள்ளிறக்குதல் ஆகிய தம் தொழில்களையே விரும்புகிறார்கள் என்பதாகும்.

இம்மறுமொழி எவ்வளவு பொய்யானது என்பதற்கு டாக்டர் பல்பு அவர்களின் வாழ்க்கையே சான்று. அவர் சென்னையில் மருத்துவம் பயின்று தேறினார். ஆயினும் ஈழவர் என்பதால் சொந்த நாட்டில் வேலை கிடைக்கவில்லை. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது அவர் அங்கே அரும்பணி ஆற்றினார். மலபாரில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் அதே சமூகத்தார் உயர்ந்த பதவிகளை வகித்தார்கள். மக்கள் ஒன்று, எல்லைக்கு இப்புறம் ஒரு நிலை, அப்புறம் வேறொரு நிலை! வேறுபட்டது விருப்பமா, கதவா? 1896இல் டாக்டர் பல்பு 13,176 பேர் ஒப்பமிட்ட மனுவை மன்னருக்கு அனுப்பினார். நீண்ட போராட்டத்துக்குப் பின், 1936இல்தான் திருவிதாங்கூரில் அரசுப் பணித் தேர்வுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது.

நம் பனங்காடுகளும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. நாடார் மக்களில் மிகப் பலர் அந்நாளில் பனையேறிப் பிழைத்தார்கள்; கூலியில்லா ஊழியமும் செய்தார்கள். பெண்கள் மேலாடை அணிவதற்கிருந்த தடைகூட 1859இல்தான், அதுவும் ஓரளவுக்கே, தளர்ந்தது. "அது அவர்கள் குலத்தொழில்" என்று ஊர் சொல்லிற்று. பள்ளிக்கூடங்கள் திறந்தன. பனையேறிகளின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே நம் மாவட்டம் முதலிடம் பெற்றது. இன்றோ அக்கானி இறக்க ஆள் கிடைப்பது அரிது. வேறு வழி பிறந்தவுடன் இறங்கி வந்தவர்கள், விரும்பியா இத்தனை தலைமுறை பனைமேல் இருந்தார்கள்?

இதெல்லாம் பழங்கதை என்பாருண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்னும் அறிஞர்கள் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தகுதி ஒன்றே, பெயர்கள் மட்டும் வெவ்வேறு. தலித்துகள், முஸ்லிம்கள் எனத் தெரியும் பெயர்களுக்குச் சாதகமான பதில் குறைவாகவே வந்தது. இவ்வாய்வு வெளியானது 2007இல்.

அப்படியானால் எல்லா வேறுபாடும் விலக்கினால் வந்ததே என்று முடிவு கட்டலாமா? அதுவும் தவறு. படித்துப் பட்டம் பெற்றும் கடலை விட மனமின்றித் தந்தையோடு மீன்பிடிக்கச் செல்லும் இளைஞர் நம் கடற்கரையில் உண்டு. நோயாளிக்குத் தொண்டு செய்வதிலேயே நிறைவு காணும் செவிலியர் உண்டு. அவர்கள் விருப்பம் மதிப்புக்குரியது. ஆனால் விருப்பத்தையே கெடுக்கும் விலக்கும் ஒன்றுண்டு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறதென்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பணியாளர் மூவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது உண்மையே. எனினும், அதைக் கண்ட மீனவச் சிறுமி தன் தாயின் தொழிலை நாளை வெறுத்தால், அது அவளுடைய சொந்த விருப்பமாகுமா?

ஆகவே, கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். திறந்தபின்பே விருப்பத்தைப் பற்றிப் பேசுவோம். இந்தச் சோதனையை நம் வீட்டிலேயே தொடங்கலாம். மகனுக்குப் பொறியியல், மகளுக்கு நர்சிங் என்று அவர்களைக் கேளாமலே நாம் தீர்மானித்துவிட்டு, "அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்று ஊராரிடம் சொல்வதில்லையா? 1891இல் அரசு தந்த மறுமொழிக்கும் நம் சொல்லுக்கும் தொலைவு அதிகமில்லை. இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளை அருகழைத்து, அவர்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்போம். பதிலைப் பொறுமையோடு கேட்போம்.