கூரையில் கசிவு: குழாய் யாருடையது, செலவு யாருடையது?

பெங்களூரு: அடுக்குமாடிக் குடியிருப்பில் குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்தால், முதலில் தட்டப்படுவது மேல்வீட்டுக் கதவுதான். ஆனால் கசியும் குழாய் மேல்வீட்டாருக்கு உரியதாக இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்டின் டவுன் போன்ற நெருக்கமான பகுதிகளில் இந்தக் குழப்பம் பேச்சுவார்த்தையற்ற பகையாகவும் முடிவதுண்டு.

மாடிதோறும் செங்குத்தாக இறங்கும் கழிவுநீர்க் குழாயும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் முதன்மைக் குழாயும் பொதுவானவை. அவற்றைப் பழுதுபார்க்கும் செலவை அனைத்து உரிமையாளர்களும் ஏற்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் கிளைக்குழாய் அந்த வீட்டாரின் பொறுப்பு. பழைய கட்டடங்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேல்வீட்டுக் குளியலறையின் வடிகுழாய் கீழ்வீட்டுக் கூரையில் தொங்குகிறது. செலவு மேல்வீட்டாருடையது, வேலையோ கீழ்வீட்டில்தான் நடந்தாக வேண்டும். இரு தரப்பும் ஒத்துழைக்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற முடியாது.

எனவே வாக்குவாதத்துக்கு முன் சோதனை அவசியம். மேல்வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடிய பிறகும் நீர் மீட்டர் ஓடினால் விநியோகக் குழாயில் ஓட்டை உள்ளது. குளிக்கும்போது மட்டும் சொட்டினால் வடிகுழாய் இணைப்பையோ தரை ஓடுகளின் இடைவெளியையோ சந்தேகிக்கலாம். வடிவாயை அடைத்துத் தரையில் வண்ணம் கலந்த நீரை ஒரு நாள் தேக்கிவைத்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கசிவு மின்விளக்கின் அருகே இருந்தால், அந்த இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும்.

மேல்வீட்டார் கதவைத் திறக்க மறுத்தால்? 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பொதுக் குழாய்களைப் பராமரிக்கவும், வேறொரு வீட்டுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுக்கும் அவசரப் பணிக்காகவும், உரிய நேரத்தில் வீட்டுக்குள் செல்லும் உரிமையை உரிமையாளர் சங்கத்துக்கு வழங்குகிறது. ஆனால் உரிமையாளர்கள் பிரகடனப் பத்திரத்தைப் பதிவு செய்த குடியிருப்புகளுக்கு மட்டுமே இச்சட்டம் பொருந்தும். தங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் பதிவானது என்பதைப் பூசல் முற்றிய பிறகே பலர் தேடுகிறார்கள்.

புதிய கட்டடமாயின் வழி எளிது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையைக் கட்டுநர் 30 நாள்களில் இலவசமாகச் சீரமைக்க வேண்டும்.

சமரசம் கைகூடாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். வழக்குத் தொடரும் முன்பே லோக் அதாலத்தில் ஏற்படும் உடன்பாட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரான வலு உண்டு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

சில நேரங்களில் குற்றவாளி கட்டடத்துக்குள்ளேயே இருப்பதில்லை. தெருவின் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் கழிவுநீர் பின்வாங்கித் தரைத்தள வீட்டில் பொங்கும். பழி மாடி வீட்டார்மீது விழும். தெருவிலுள்ள ஆள்நுழைவுக் குழியும் நிரம்பி வழிந்தால், பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் அளிக்கலாம்.