போயாவும் பாஸ்காவும்: கண்டி மலைநாட்டில் கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டு

2025 ஏப்ரலில் கண்டி நகரில் பத்து நாட்களுக்குள் வந்தவற்றை ஒரு முறை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 12ஆம் திகதி பக் பௌர்ணமி போயா. 13ஆம் திகதி குருத்தோலை ஞாயிறு. 14ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டு. 18ஆம் திகதி பெரிய வெள்ளி. அதே நாளில்தான் 16 வருடங்களுக்குப் பின்னர் புனித தந்த தாதுவை மக்கள் நேரில் தரிசிக்கும் ‘சிறி தலதா வந்தனாவ’ தலதா மாளிகையில் ஆரம்பமானது. 20ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. 21ஆம் திகதி, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் ஆறாவது ஆண்டு நினைவு. அன்றே பாப்பரசர் பிரான்சிஸும் காலமானார்.

தலதா வந்தனாவ பெரிய வெள்ளியன்று ஆரம்பமானது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாஸ்கா காலம் போயாவை ஒட்டி வருவது தற்செயல் அல்ல. மார்ச் 21க்கு அல்லது அதற்குப் பின்னர் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு விழா. திருச்சபையின் கணிப்பு அட்டவணையில் அந்த வருடப் பௌர்ணமி ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி ஞாயிறிலேயே வந்தால் விழா ஒரு வாரம் தள்ளிப் போகும். அதனால்தான் 20. பௌர்ணமி தோறும் அரச விடுமுறை தரும் நாடு இது. இங்குள்ள கத்தோலிக்கர் மார்ச், ஏப்ரல் மாதப் போயாவைப் பார்த்தே பாஸ்காவை ஏறக்குறையக் கணித்துவிடலாம். உரோமையிலிருந்து வந்த நாட்காட்டிக்கு இப்படியோர் உள்ளூர் உதவி இருப்பது பலர் கவனிக்காத விடயம்.

திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியிலும் தொடங்குவதில்லை, சித்திரையிலும் தொடங்குவதில்லை. நவம்பர் 30ஐ ஒட்டிய ஞாயிறில், திருவருகைக் காலத்துடன் தொடங்குகிறது. பின்னர் நத்தார், திருக்காட்சி, சிறிதளவு பொதுக்காலம், சாம்பல் புதனில் தவக்காலம், பெரிய வாரம், உயிர்ப்பு முதல் பெந்தகோஸ்து வரை 50 நாட்கள், அதன் பின்னர் நவம்பர் வரை நீளும் பொதுக்காலம். குருவின் மேலாடை ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மாறுவதைக் கொண்டே எந்தக் காலம் என்று சிறுபிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஒழுங்கு மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த நாடுகளின் பருவங்களோடு சேர்ந்து வளர்ந்தது. அங்கே நத்தார் குளிர்கால இருளில் வரும்; உயிர்ப்பு வசந்தத்தில் வரும். கண்டியில் வேறு கதை. திருவருகைக் காலம் வடகீழ்ப் பருவமழையின் காலம். தவக்காலம் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாத வரட்சிக்குள் விழுகிறது. கொழுந்து குறையும், பீலிகளில் தண்ணீர் மெலியும். உயிர்ப்பு விழா நெருங்கும்போது பிற்பகல் இடிமழை ஆரம்பிக்கும். பெந்தகோஸ்துக்குப் பின்னர் தென்மேல் பருவமழை. தவக்காலத்தின் பாலைவன வாசகங்கள் ஐரோப்பாவை விட இங்குதான் இயல்பாகப் பொருந்துகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வரட்சி பற்றிய கதை ஒன்றும் கண்டித் திருச்சபையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கோவாவில் 1651 ஏப்ரல் 21இல் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் கையில். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததிலிருந்து கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருக்களுக்கு இடம் கொடுப்பது கடும் தண்டனைக்குரிய குற்றம். சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்த அவர், பின்னர் புத்தளம் சென்று, 1692இல் கண்டிக்கு வந்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தான். நாட்டில் மழை பொய்த்தபோது, அடிகளார் வெளியில் பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், சுற்றிலும் மழை கொட்ட அவரும் பீடமும் நனையாமல் இருந்தார்கள் என்றும் மரபு சொல்கிறது. 1697இல் அம்மை நோய் பரவி மக்கள் நோயாளரைக் காட்டில் விட்டுச் சென்றபோது, அவரும் உடனிருந்த குருவும் அவர்களைப் பராமரித்தார்கள். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஜனவரி 16இல் வரும் அவரது திருநாள், நத்தார் அலங்காரம் கழன்று பொங்கல் கோலம் அழியாத நேரத்தில் வருகிறது.

இந்த வரலாற்றில் நமது விடயத்துக்கு முக்கியமானது அற்புதத்தை விட வேறொன்று. 1658க்கும் 1687க்கும் இடையில் கிட்டத்தட்ட 30 வருடங்கள், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் குருக்கள் இல்லாமல் வாழ்ந்தார்கள். பூசை இல்லை. ஆனால் ஞாயிறு இருந்தது, தவசு இருந்தது, பாஸ்கு இருந்தது. மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபத்தை நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். வாஸ் அடிகளார் அந்த ஒழுங்கை அழிக்கவில்லை. தான் போன இடமெல்லாம் அதை வலுப்படுத்திவிட்டுப் போனார். அவருக்குப் பின் 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழர் வழக்கில் சாங்கோபாங்க சுவாமி, வாசிக்க நூல்களைக் கொடுத்தார். தமிழில் அவர் எழுதியதாகக் கருதப்படும் ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் கூடியிருந்து வாசிக்கவென்றே ஆனது. சிங்களத்தில் இன்றும் தவக்காலத்தில் பாடப்படும் ‘பசன்’ மரபும் அவரிடமிருந்தே வருகிறது. ஒரே மனிதர் இரு மொழியினருக்கும் அழக் கற்றுக் கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

கண்டி மறைமாவட்டம் கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களைக் கொண்டது. 1886இல் மறைமாவட்டமானது, தொடக்கத்தில் சில்வெஸ்திரின் பெனடிக்ட் துறவிகளின் பொறுப்பில் இருந்தது. பேராலயம் புனித அந்தோனியாருக்கு உரியது. கலேவெலைப் பக்கமுள்ள வஹாக்கோட்டை, கண்டி அரசன் பிடித்த போர்த்துக்கேயப் படையினர் குடியமர்த்தப்பட்ட ஊர் என்று சொல்லப்படுகிறது; அங்குள்ள அந்தோனியார் திருத்தலம் மலைநாட்டின் மிகப் பழைய கத்தோலிக்கச் சமூகங்களில் ஒன்றின் அடையாளம். ஆனால் மறைமாவட்டத்தின் கத்தோலிக்கரில் பெரும்பங்கினர் அந்தப் பழைய சமூகங்களின் வழிவந்தவர்கள் அல்ல. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்த தமிழகத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய திருவழிபாட்டு ஆண்டை லயத்திலிருந்து பார்க்கவேண்டும்.

பெரிய வெள்ளியும் நத்தாரும் அரச விடுமுறை நாட்கள். சாம்பல் புதன் இல்லை, பெரிய வியாழன் இல்லை. காலையில் பெரட்டு, மாலையில் கொழுந்து நிறுவை. பழைய முறைதான் சிறந்தது என்று பேசுவோர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். பழைய விதிப்படி பூசை முற்பகலில்தான் ஒப்புக்கொடுக்க முடியும். நற்கருணை வாங்குபவர் நள்ளிரவிலிருந்து தண்ணீரும் அருந்தக் கூடாது. 1953இல்தான் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மாலைப் பூசைக்கு வழி திறந்து, தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். 1956 வரை பெரிய வியாழன் பூசையும் பெரிய வெள்ளி வழிபாடும் காலையில்தான். பாஸ்காத் திருவிழிப்புக்கூடச் சனிக்கிழமை காலையில், பட்டப்பகலில் நடந்தது. நாட்சம்பளத்துக்குப் போகும் ஒருவர் பெரிய வியாழன் பூசை காண வேண்டுமானால் பெயர் இழக்க வேண்டும். பெரிய வாரத்தை மாலைக்கும் இரவுக்கும் நகர்த்திய சீர்திருத்தம், வேலைக்குப் போகும் மக்கள் பங்குகொள்ள முடியாத நிலையைக் காரணமாகச் சொன்னது. தோட்டத்துக்கு அது பெரிய விடுதலை.

தவக்கால ஒறுத்தலும் அப்படித்தான். 1966க்கு முன் தவக்காலத்தின் ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் நோன்பு என்பது பொது விதி. இன்று கடமையான நோன்பு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். 18 வயது முதல் 59 வயது வரையுள்ளோருக்கு, ஒரு முழு உணவும் இரண்டு சிறு உணவும். இறைச்சி ஒறுத்தல் 14 வயதிலிருந்து. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும், இறைச்சி பல லயங்களில் அடிக்கடி வாங்கும் பொருளாகவில்லை. அங்கே ‘வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டாம்’ என்பது என்ன ஒறுத்தல்? பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். ஒரு வகையில் இது அயலாரோடு சேர்ந்து வாழும் வழி. ஒறுத்தல் என்று சொல்ல வேறு எதையாவதுதான் தேடவேண்டும். தவக்காலக் காணிக்கைக்கு வீட்டில் சில்லறை சேர்ப்பவர்களும் குடியை விடுவதாக நேர்ச்சை வைப்பவர்களும் உண்டு. நாற்பது நாள் குடிக்காத வீட்டில் கையில் தங்கும் காசு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப் பெண்களைக் கேட்க வேண்டும்.

2025 போல் சித்திரைப் புத்தாண்டு பெரிய வாரத்தில் விழுந்தால் என்ன செய்வது? சட்டப்படி சிக்கல் இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு நோன்பும் இல்லை, ஒறுத்தலும் இல்லை. ஆனால் மரபு சட்டத்தை விடக் கடுமையானது. பலகாரம் செய்யலாம், அயலாருக்குத் தட்டு அனுப்பலாம். இறைச்சியும் பாட்டும் கூத்தும் பாஸ்காவுக்குப் பின் என்பதே முதியவர்களின் தீர்ப்பு.

தோட்டப் பங்குகளில் ஒரு குருவுக்குப் பல சிற்றாலயங்கள். பெரிய வாரத்தின் மூன்று நாட்களையும் ஒவ்வொரு டிவிசனிலும் நடத்த முடியாது. எனவே ஆண்டைத் தாங்கி நிற்பவை வேறு: மார்ச்சில் சூசையப்பர், மேயில் மாதா, ஜூனில் திரு இருதயம், ஒக்டோபரில் செபமாலை. சுரூபம் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு போகும். அது போன வீட்டில் அன்று மாலை எல்லோரும் கூடுவார்கள், இந்துக்கள் உட்பட. பழைய அண்ணாவிமார் செய்ததை இன்று உபதேசியாரும் செபம் சொல்லத் தெரிந்த பெண்களும் செய்கிறார்கள். ஊர்த் திருநாளின் கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், வெஸ்பர், கடைசி நாள் சுரூப பவனி என்பது திருவழிபாட்டு ஆண்டுக்குள் இருக்கும் இன்னொரு சிறு ஆண்டு.

‘பாரம்பரியக் கத்தோலிக்கம்’ என்றால் உலகின் பல பகுதிகளில் இன்று இலத்தீன் பூசையைத்தான் நினைக்கிறார்கள். 2021 ஜூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தியது பெரிய சர்ச்சையானது. கண்டிக்கு இலத்தீன் அந்நியமல்ல. 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் விருப்பப்படி அம்பிட்டியில் தொடங்கிய பாப்பிறைக் குருமடத்தில், 1955இல் அது பூனாவுக்குப் போகும் வரை, இந்தியாவெங்கும் இருந்து வந்தவர்கள் இலத்தீனில் படித்தார்கள். ஆனால் மலையகத் தமிழருக்கு 1960களில் வந்த மாற்றம் இழப்பாக இருக்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனது; 1956இல் சிங்களம் மட்டும் அரசமொழியானது. தபாற்கந்தோரிலும் பொலிஸிலும் தமிழுக்கு இடமில்லாதபோது பீடத்தில் தமிழ் கேட்டது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. இலத்தீன் இருந்தவரை சிங்களவரும் தமிழரும் ஒரே பூசையில் ஒரே அளவு புரியாமல் முழந்தாளிட்டார்கள். தாய்மொழி வந்ததும் நேர அட்டவணை இரண்டானது. பெரிய வெள்ளியன்று ஒரே சிலுவையை இரு மொழியிலும் முத்தி செய்யும் பங்குகள் உண்டு. அன்று மட்டும் ஒன்றாக நின்றுவிட்டு ஆண்டு முழுவதும் தனித்தனியே கலைந்து செல்லும் பங்குகளும் உண்டு. இந்த மறைமாவட்டத்தின் ஆயராக 1959 முதல் 1972 வரை இருந்த லியோ நாணயக்கார ஆண்டகையும், 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பேர்ஸும் தோட்ட மக்களின் உரிமையை விசுவாசத்தின் விடயமாகவே பார்த்தவர்கள். அவர்களுடைய கேள்விகள் இன்னும் முடிந்துவிடவில்லை.

நவம்பரில் ஆண்டு முடியும்போது இறந்தோரின் மாதம். 2ஆம் திகதி கல்லறைத் திருநாள். நகரத்தவர் மஹய்யாவ மயானத்தில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தோட்டத்தில் நிலம் கம்பனியினுடையது. புதைத்த இடத்துக்கு உறுதியில்லை. கல் வைக்காத குழி சில வருடங்களில் புல்லோடு புல்லாகும். யோசப் வாஸ் அடிகளாரின் கல்லறையும் கண்டியில் எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது.

2025 நவம்பரின் கடைசி நாட்களில் டித்வா புயல் வந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. மண்சரிவு வீடுகளை மனிதரோடு மூடியது. நவம்பர் 30 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பாலன் குடிலுக்கு வைக்கோலும் மூங்கிலும் தேட வேண்டிய நாட்களில் மக்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

உடல் கிடைக்காதவர்களுக்கும் அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் திருச்சபையில் இடமுண்டு. நவம்பரில் பங்குகள் ஒரு பெட்டி வைக்கும். இறந்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிப் போட்டால் மாதம் முழுவதும் அவர்களுக்காகப் பூசை. குழியில்லாதவருக்கும் அந்தத் தாளில் ஒரு வரி கிடைக்கும்.