செகண்ட் ஹேண்ட் – 7: தீரும் குறை, தீராத குறை

சங்கரன்கோவில்–ராஜபாளையம் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கரிவலம்வந்தநல்லூரில் தோட்டம் வைத்திருப்பவருக்கு பஸ் பாதி வழிக்குத்தான் உதவும். மல்லிகையை விடியுமுன் பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அது சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரைக்கும் வண்டிப்பாதைதான். அதில் பாதி குளத்துக்கரை, மீதி கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் கார் அங்கே எட்டிப் பார்க்காது. பெரிய பைக் உள்ளே போனால், வெளியே தள்ளிக்கொண்டு வர இரண்டு ஆள் வேண்டும். அந்தப் பாதைக்கு ராஜா, டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்தான்.

என் பெரியப்பா மகன் ஒருவர் கரிவலத்தில் பூ விவசாயி. இருந்த வண்டி உழைத்து ஓய்ந்துவிட்டது. புதுசு வாங்கக் கையில் காசில்லை. விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று 2012-இல் பதிவான டி.வி.எஸ். எக்ஸெல் சூப்பர், டூ ஸ்ட்ரோக். இன்னொன்று 2018-இல் பதிவான எக்ஸெல் 100, ஃபோர் ஸ்ட்ரோக். பழையதற்குச் சொன்ன விலை, புதியதற்குச் சொன்னதில் ஏறக்குறையப் பாதி. “ரெண்டுல எதைத் தூக்கலாம், வந்து பாத்துச் சொல்லு” என்று அண்ணன் கூப்பிட்டார். இந்தத் தொடருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

ஒரே பெயர், இரண்டு எஞ்சின்

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். பால்காரர், மீன்காரர், துணி மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிறவர் என்று தமிழ்நாட்டுச் சிறு வியாபாரம் பாதி அதன் முதுகில் ஏறியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் எக்ஸெல் சூப்பர்: 69.9 சி.சி., கியர் கிடையாது, தானே பிடிக்கும் கிளட்ச். 2015-இல் வந்த எக்ஸெல் 100 பார்வைக்கு அதன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே 99.7 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். புகை விதிகள் இறுக இறுக, டூ ஸ்ட்ரோக் புது வண்டிச் சந்தையை விட்டு விலகிவிட்டது. இன்று அதைப் பழசாக மட்டுமே வாங்க முடியும்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, கேம் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அதனால் சின்ன எஞ்சினே மூட்டையோடு கரை ஏறிவிடும். பாகம் குறைவு, எடை குறைவு. ஆனால் அதற்குத் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் உள்ளே மசகு. அவசரத்தில் ஒருவர் ஆயில் கலக்காமல் பெட்ரோல் மட்டும் ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், சிலிண்டர் போர் கீறிப்போகும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. பெட்ரோல் மிச்சம், புகை குறைவு, சத்தம் மட்டு. மசகுக்குத் தனி ஆயில் உண்டு. அதைக் காலத்தில் மாற்றவில்லை என்றால் வண்டி உடனே கோபிக்காது. உள்ளே கேமும் ரிங்கும் சத்தமில்லாமல் தேயும். டூ ஸ்ட்ரோக்கில் செய்த தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் செய்த தப்பு அடுத்து வாங்குபவருக்குத்தான் தெரியும்.

பனியிலும் இதே வழக்கு

பனி நாடுகளில் தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஸ்னோமொபைல் ஓடுகிறது: முன்னால் திருப்ப இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் உந்த ஒரு ரப்பர் பெல்ட். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் ‘ஸ்கீ-டூ’வை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு அது பரவியது. நம் நாட்டில் குல்மார்க் போனவர்கள் ஏறிப் பார்த்திருப்பார்கள்.

அங்கே பழைய ஸ்னோமொபைல் வாங்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்வியில்தான்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? சமன் செய்த பனித்தடத்தில் நாள் முழுக்கப் போகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் சுகம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் புகைக்கும் சத்தத்துக்கும் கடும் வரம்பு வைத்தபோது பழைய டூ ஸ்ட்ரோக்குகள் வெளியே நின்றன. ஆனால் புதுப்பனியில் புதைந்த வண்டியைத் தூக்கி எடுக்க வேண்டியவருக்கு ஒவ்வொரு கிலோவும் கனம். அவர் டூ ஸ்ட்ரோக்கைத்தான் கேட்பார்.

கரிசல் சகதியிலும் இதே கணக்குதான். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அப்பிச் சக்கரம் நின்றுவிட்டால், இறங்கி, குச்சியால் குத்தி எடுத்து, வண்டியைத் தூக்கித் திருப்ப வேண்டும். எக்ஸெல் 100, மாடலைப் பொறுத்து 80 முதல் 90 கிலோ வரை இருக்கும். சூப்பர் அதைவிட லேசு. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தனியாகத் தூக்கும்போது அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

பட்டறையில்

இரண்டு வண்டியையும் ஊரிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னோம். மெக்கானிக் முதலில் சாவியைத் தொடவில்லை, சைலன்ஸரைத் தொட்டார். எக்ஸெல் 100-இன் சைலன்ஸர் சுட்டது. “வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. ஆறட்டும் அண்ணாச்சி” என்று ஓரமாக நிறுத்திவிட்டார். சூடான எஞ்சின் குறையை மறைக்கும். ஆறிக் கிடந்து ஒரே உதையில் எழுகிறதா என்பதுதான் சோதனை.

சூப்பர் மூன்றாவது உதையில் எழுந்தது. பின்னால் நீலப்புகை. அண்ணன் முகம் சுருங்கியது. மெக்கானிக் அசரவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்துதான் எரிகிறது. கொஞ்சம் புகை அதன் சுபாவம். பிளக்கைக் கழற்றினார். நுனி கறுத்து ஈரமாக இருந்தது: ஆயில் கூடுதலாகக் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். வெளுத்துப் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும். எஞ்சின் வறண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சைலன்ஸருக்குள் கரி அடைத்திருந்தது. பிஸ்டன் தட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. போர் வேலை வரும். செயின் பல் சக்கரம் ஒரு பக்கமாகக் கொக்கி வளைந்து தேய்ந்திருந்தது.

எக்ஸெல் 100 ஆறிய பிறகு முதல் உதையிலேயே எழுந்தது. சத்தம் சுத்தம். ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டபோது மெல்லிய நீலப்புகை வந்தது. சூப்பரில் கண்டுகொள்ளாமல் விட்ட அதே நிறப் புகையை மெக்கானிக் இங்கே விடவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப்புகை வந்தால் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது என்று பொருள். அடியில் ஆயிலை இறக்கினார். வந்தது கொஞ்சம், அதுவும் கன்னங்கரேலென்று. மறுபடி ஆயில் ஊற்றி, கரை ஏற்றத்தில் இருவர் உட்கார்ந்து போய்ப் பார்த்தோம். எஞ்சின் இரைந்தது, வேகம் வரவில்லை. கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கிறது.

இரண்டிலும் குறை. அப்படியானால் எப்படித் தேர்வு செய்வது? குறைகளை எண்ணிப் பயனில்லை, வகை பிரிக்க வேண்டும். முதல் வகை, சாயங்காலத்துக்குள் உள்ளூர்ப் பட்டறையில் தீர்வது: பிளக், செயின், கிளட்ச் ஷூ, பிரேக், டயர், சைலன்ஸர் கரி. இரண்டாவது, சங்கரன்கோவிலுக்கோ ராஜபாளையத்துக்கோ லேத்துக்குக் கொடுத்துத் தீர்ப்பது: போர், பிஸ்டன், ரிங். மூன்றாவது, யாராலும் தீர்க்க முடியாதது. முதல் இரண்டையும் ரூபாயாக மாற்றி விலையில் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவதில் ஒன்று இருந்தாலும் வண்டி இனாமாக வந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது வகைக்கு இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது சேஸிஸ். மூட்டை ஏற்றும் வண்டியில் கால் வைக்கும் இடத்துக் குழாயும் சீட்டுக்கு அடியும்தான் முதலில் விடும். புது பெயின்ட் அங்கே மட்டும் பளபளத்தால் அடியில் வெல்டிங் இருக்கும். இரண்டுமே இதில் தேறின. இரண்டாவது இடம், பட்டறையில் தெரியாதது.

ஆர்.சி. புக் சொன்ன கதை

சூப்பர், முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. அவர் உள்ளூர்க்காரர், நேரில் நிற்கிறார். குறை ஒன்றுதான்: பதிவின் 15 ஆண்டு 2027-இல் முடிகிறது. அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. பசுமை வரியும் சேரும். செலவுதான், ஆனால் கணக்குக்குள் அடங்கும் செலவு.

எக்ஸெல் 100-ஐ விற்க வந்தவர் பெயர் ஆர்.சி.யில் இல்லை. அவர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார், அந்த ஒருவர் பக்கத்து மாவட்டத்துக்காரரிடம் வாங்கியிருக்கிறார். பெயர் அந்தப் பக்கத்து மாவட்டத்துக்காரருடையது. கூடவே ஒரு ஃபைனான்ஸின் அடமானப் பதிவும் அப்படியே நிற்கிறது. “டியூவெல்லாம் கட்டியாச்சு அண்ணாச்சி, அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார் விற்பவர். கட்டி முடித்திருக்கலாம். ஆனால் ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வராமல் அடமானம் நீங்காது. படிவம் 29, 30-இல் பதிவு உரிமையாளர் கையெழுத்துப் போடாமல் பெயர் மாறாது.

இதை அலட்சியமாக விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாங்கியவருக்கு அவசரமில்லை, விற்றவருக்குக் காசு வந்துவிட்டது. விபத்து நடந்தால்தான் வினை தெரியும். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு கார், 2009-இல் விபத்தில் சிக்கிய வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: யார் பெயரில் பதிவு இருக்கிறதோ, இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. கார் கையை விட்டுப் போய் வெகுகாலம் ஆன பிறகும் முதல் உரிமையாளர் தப்பவில்லை. ஆகவே விற்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். 14 நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிப்பது உங்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்வது. வாங்குகிறவரும் இன்ஷூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அதே 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொள்ள எங்கும் அலைய வேண்டியதில்லை. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு முடியும் தேதி, இன்ஷூரன்ஸ், அடமானம் எல்லாம் விலை பேசும் முன்பே வந்து நிற்கும்.

முடிவு

எஞ்சினை மட்டும் பார்த்திருந்தால் நான் எக்ஸெல் 100 பக்கம்தான் கை காட்டியிருப்பேன். தினமும் சங்கரன்கோவிலுக்குப் போய்வருகிறவருக்குப் பெட்ரோல் மிச்சம் பெரிய விஷயம். எனவே விற்பவருக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தோம்: ஃபைனான்ஸ் சான்றும் பதிவு உரிமையாளர் கையெழுத்தும் வந்தால், கிளட்ச், ரிங் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. முன்பணம் கிடையாது. வாரம் முடிந்தது, காகிதம் வரவில்லை. போன் வந்தது, விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன் என்று. காகிதம் இல்லாத வண்டிக்கு விலையைக் குறைப்பது குறையைத் தீர்ப்பதாகாது. அண்ணனே அதை அவரிடம் சொல்லிவிட்டார்.

சூப்பர் வீட்டுக்கு வந்தது. இரண்டு விலைக்கும் இடையே மிஞ்சிய காசில் போர் அடித்து, பிஸ்டன், செயின் செட், பின் டயர், பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றியும் கையில் மீதி இருந்தது. அந்தக் குழாயை மாற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் சீக்கிரம் இளகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஆகவே மழைக்காலத்தில் வண்டியை டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

மெக்கானிக் சொன்ன அளவுக்கு 2டி ஆயில் கலக்க ஒரு சின்ன அளவுக் குப்பியை அண்ணன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். 2027-இல் பதிவு புதுப்பிக்க வேண்டிய மாதத்தை வீட்டு நாள்காட்டியில் எழுதியாகிவிட்டது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டு ரசீதும் வாங்கியாயிற்று. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பூஜை போடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை அதுதான்.

(அடுத்த வாரம்: கிணற்றுக்குள் இறங்கும் பழைய மோட்டார் – காயில் கட்டியதா, கட்டாததா?)