ரேகை விழாத விரல்கள்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி கேட்டில் வருகைப்பதிவுக் கருவிக்கு முன்னால் வரிசை நீள்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து கேட்கும். கருவிக்கு எந்த மொழியும் வேண்டாம். விரலை வைத்தால் ஆளைச் சொல்லிவிடும். சிலரிடம் மட்டும் அடம்பிடிக்கும். "ரேகை விழலண்ணா, துடைச்சிட்டு வைங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

பாட்டிகள் பிள்ளைகளின் விரல்களைப் பிடித்து எண்ணும் சங்கும் சக்கரமும் கருவிக்குப் பெரிதல்ல. அந்த வடிவங்கள் உலகத்துக்கே பொது. மனித விரல்களில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம் வளைய வகை; 30 முதல் 35 சதவீதம் சுழி; மீதி வில். ஒரு ரேகை எந்த இடத்தில் முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற நுண்புள்ளிகளைத்தான் கருவி குறித்துக்கொள்கிறது. ஆளுக்கு ஆள் மாறுவது இந்தப் புள்ளிகளின் அமைப்புதான்.

கரு மூன்று மாதமாக இருக்கும்போதே ரேகைகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். விரல் நுனியின் நடுப்பகுதி, நகத்தை ஒட்டிய இடம், மூட்டு மடிப்பு ஆகிய மூன்றிலிருந்தும் மேடுகள் அலையலையாகப் பரவுகின்றன. மேட்டை வளர்க்கும் புரதமும் தடுக்கும் புரதமும் போட்டிபோடுவதால் வரிகள் விழுகின்றன. வரிக்குதிரையின் கோடுகள் போன்றவற்றை விளக்கப் பயன்படும், ஆலன் டூரிங் 1952இல் முன்வைத்த கணிதம் இங்கும் பொருந்துகிறது. இந்த விதி எல்லோருக்கும் ஒன்றே. அலைகள் எங்கே, எப்போது மோதுகின்றன என்பதில் நேரும் சின்னச் சின்ன வேறுபாடுகளே ஆளை வேறாக்குகின்றன. அதனால்தான் ஒரே மரபணு கொண்ட ஒத்த சாயல் இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை.

தனி ஆளைக் கண்டுபிடிக்கும் வழியும் பொதுவானதிலிருந்தே தொடங்கியது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு அமைந்தது. வகைப்படுத்தும் முறைக்குப் போலீஸ் அதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்தது; அதன் கணக்கை வகுத்தவர் அவரிடம் வேலை பார்த்த அஜிசுல் ஹக். பத்து விரல்களில் சுழி எங்கெங்கே என்று பார்த்து, பதிவுகளை 1024 அறைகளாகப் பிரித்தார். ஒத்தவற்றை ஓர் அறையில் சேர்த்தபின், அதற்குள் மட்டும் ஆளைத் தேடினால் போதும்.

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கிரானைட் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் இந்த அடையாளம் தேய்கிறது. கல்லும் மணலும் சிமென்ட்டும் மேல்தோலை அரைத்துவிடும். ஆனால் ரேகையின் அச்சு தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. சில வாரம் கைக்கு ஓய்வு கிடைத்தால் பழைய ரேகையே திரும்ப எழும். ஆழமாக வெட்டுப்பட்டால் மட்டுமே வடு நிலைக்கும்.

பொதுவானதற்குள் சிறு வேறுபாடே ஆளைக் காட்டுவது டிஎன்ஏவிலும் உண்டு. முந்நூறு கோடி எழுத்துகளில், எந்த இருவரை எடுத்தாலும் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மாறும். அந்த மாற்றமும் மொழி, மாநில எல்லை பார்த்துப் பிரிந்துகிடக்கவில்லை. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்டு லெவான்டின் கணக்கிட்டார். அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தவர்களை வேறாக்குவதைவிட, ஒரே தெருக்காரர்களை வேறாக்குவதே அதிகம்.

தேய்ந்துபோகும் விரலை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் ஆதாரில் பத்து விரல்களோடு இரு கருவிழிகளும் முகமும் பதிவாகின்றன. கம்பெனிகளும் அதிகம் தேயாத இன்னொரு விரலைச் சேர்த்துப் பதியலாம். அதுவும் விழாதவருக்குக் கையெழுத்து நோட்டு ஒன்று கேட்டில் இருக்கட்டும். உழைத்துத் தேய்ந்த விரலுக்காக ஒருநாள் சம்பளத்தைப் பிடிக்கும்படி எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை.