ரப்பர் தைக்குத் தாய் யார்?

பெருங்கடவிளை, பாறசாலைப் பக்கம் ரப்பர் தை, அதாவது கன்று, வாங்கப் போகிறவர் நர்சரியில் முதலில் கேட்பது எண்ணைத்தான். 105 இருக்கிறதா, 414 வந்ததா, 430 எப்போது கிடைக்கும்? எண் மாறினால் மரமும் மாறிவிட்டது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதி உண்மை.

ஆர்.ஆர்.ஐ.ஐ. 105, கோட்டயம் புதுப்பள்ளியில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை. அதற்குத் தாய் ஜாவாவிலிருந்து வந்த ட்ஜிர் 1. தகப்பன் ஜி.எல். 1. பின்னால் வந்த 414, 430 இரண்டுக்கும் தாய் இந்த 105. தகப்பன் இலங்கையின் ஆர்.ஆர்.ஐ.சி. 100. மலேயாக்காரர்களின் ஆர்.ஆர்.ஐ.எம். 600 இருக்கிறதே, அதற்கும் தாய் ட்ஜிர் 1தான். பெரும்பாலான செடிகளில் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாகவே இறங்கும். செல் மூச்சுவிடுவதும் சக்தி எடுப்பதும் அதன் வேலை. அதற்கென்று தனி டிஎன்ஏவும் உண்டு. ஆக, எண் எதுவானாலும் இந்தத் தோட்டங்களில் பால் வெட்டும் பட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஜாவாக் கிழவியின் மைட்டோகாண்ட்ரியா. வேர் மட்டும் வேறு. அது ஒட்டுக்கட்ட முளைக்கவைத்த விதையின் தாயைப் பொறுத்தது.

மைட்டோகாண்ட்ரியாவின் அந்தத் தனி டிஎன்ஏவின் குணம் விசித்திரமானது. மனிதனின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ 16,569 எழுத்துகளில் முடிந்துவிடும். ரப்பருக்கோ 13 லட்சத்துக்கும் மேல். அத்தனையும் மரபணுக்கள் என்று நினைக்க வேண்டாம். பூக்கும் தாவரங்களின் மைட்டோகாண்ட்ரியாவில் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் நாற்பது, பலவற்றில் அதற்கும் குறைவு. மிச்சம் பெரும்பாலும் இடைவெளி. 1988இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி பால்மரும் லாரா ஹெர்பனும் முட்டைக்கோசையும் டர்னிப்பையும் அவற்றின் உறவுச் செடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரபணுக்களின் எழுத்துகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அவை நின்ற வரிசைதான் கலைந்து கிடந்தது. எழுத்தில் இவ்வளவு கறார், வரிசையில் இவ்வளவு அலட்சியம். ஒரே டிஎன்ஏவில் இரண்டும் எப்படி?

பழுதுபார்க்கும் முறைதான் காரணம். ஒரு செல்லில் இந்த டிஎன்ஏவுக்குப் பல பிரதிகள் உண்டு. எம்எஸ்எச்1 என்ற புரதம் எழுத்துப் பிழையைக் கண்டால் அங்கே ஒட்டுப்போட்டுத் திருத்துவதில்லை, அந்த இடத்தில் இழையையே வெட்டிவிடுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வெட்டுப்பட்ட இழை பழுதில்லாத இன்னொரு பிரதியோடு சேர்ந்து, அதைப் பார்த்துத் தன்னை மறுபடி எழுதிக்கொள்கிறது. செல்லரித்த பத்திரத்தை மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பெயர்த்தெழுதுவது போல. அதனால் மரபணு சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரித் துண்டு இரண்டு மூன்று இடங்களில் இருந்தால், அறுந்த முனை தவறான இடத்தில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எழுதத் தொடங்கிவிடும். வரிசை கலைவது இப்படித்தான். மரபணுவுக்குள் இது நேர்ந்தால் செடி பிழைப்பது கடினம். இடைவெளியில் நேர்ந்தால் கேட்பாரில்லை. அதுதான் வீங்கி வீங்கி லட்சக்கணக்கில் வளர்கிறது. எம்எஸ்எச்1 இல்லாத அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் எழுத்துப் பிழையும் கூடுகிறது, வரிசைக் குலைவும் கூடுகிறது.

தவறாகச் சேரும் துண்டுகள் சில சமயம் புது மரபணுவாகவே பேசத் தொடங்கும். ஜிடி 1 என்ற ரப்பருக்கு மகரந்தம் மலடு. அதைத் தாயாகக் கொண்ட பிபிஎம் 24உம் அப்படியே. 2014இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் பிபிஎம் 24இன் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முழுதாகப் படித்து, ஆர்.ஆர்.ஐ.எம். 600உடன் ஒப்பிட்டார்கள். மலட்டு மரத்தில் வரிசை மாறியிருந்தது. ஏடிபி9 மரபணுவின் துண்டு ஒட்டிக்கொண்ட புதிய ஆர்என்ஏ ஒன்றும் அகப்பட்டது. மலட்டுத்தன்மைக்கு இதுவே காரணமாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. பால் வெட்டுகிறவருக்கு இதனால் சல்லிக்காசு நஷ்டமில்லை. கலப்பினம் செய்கிறவருக்கோ லாபம்: தன் மகரந்தம் இல்லாத மரத்தில் காய்ப்பதெல்லாம் கலப்பு விதைதான். கோயம்புத்தூரிலிருந்து வந்த கலப்பின நெல்லும் இதே மாதிரியான ஆண்மலட்டை நம்பித்தான் விதையாகிறது.

லாபம் மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமில்லை. அமெரிக்கச் சோளக்காரர்கள், நாம் மக்காச்சோளம் என்போமே அது, 1960களில் கலப்பின விதைக்காக டெக்சாஸ் தாய்வழி ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். அதன் ஆண்மலட்டுக்குக் காரணமான டி-அர்ஃப்13 மரபணுவும் இப்படித் துண்டு ஒட்டிப் பிறந்ததுதான். அந்த மரபணு தரும் புரதத்தை ஒரு பூஞ்சையின் நஞ்சு பற்றிக்கொண்டது. 1970இல் அந்த நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று.

ட்ஜிர் 1 வழியில் அப்படியொரு மரபணு இருப்பதாக நானறிய யாரும் சொல்லவில்லை. பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் நம் மரங்களில் ஏறக்குறைய எல்லாமே 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன விதைகளின் சந்ததி. அடித்தளமே குறுகியது. அதிலும் ஒரே தாயைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1981இல் பல நாடுகள் சேர்ந்து அமேசான் காட்டில் திரட்டிய காட்டு ரப்பரில் ஆயிரக்கணக்கான வகைகள் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்திடம் இருக்கின்றன. அவற்றை மகரந்தத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் மைட்டோகாண்ட்ரியா மாறாது. அடுத்த எண் வெளிவரும்போது அதன் தாய் காட்டிலிருந்து வந்ததாக இருக்கட்டும். தை வாங்கப் போகிறவர்களும் எண்ணோடு தாயின் பெயரையும் கேளுங்கள்.