பழைய இரும்பா, பயன்படும் இயந்திரமா?

மும்பை மாநகரில் நம்மவர் மிகுதியாக வாழும் பகுதிகளில், பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு துளையிடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதன் வருவாயிலேயே குடும்பம் நடத்துவோர் பலர் உளர். பெரிய பட்டறைகள் தகடுகளை வெட்டி அனுப்பும். இவர்கள் குறித்த இடத்தில் குறித்த அளவில் துளையிட்டுத் திருப்பி அனுப்புவர். துளைக்கு இவ்வளவு என்று கூலி. அவ்வியந்திரம் ஒரு வாரம் நின்றால் அவ்வீட்டு அடுப்பும் தயங்கித்தான் எரியும் என்பதை நேயர்கள் நாம் சொல்லாமலே அறிவர். அத்தகைய பழைய இயந்திரம் ஒன்று எடைக்குப் போகாமல் தப்பிய வரலாற்றையும், அதற்கு வேண்டிய உறுப்புகளைத் தேடிய வகையையும் இங்கே எழுத முற்படுகிறோம். இதில் நாம் செய்த பிழையும் உண்டு. அதனையும் மறையாது எழுதினால்தான் பிறருக்குப் பயன்படும்.

அம்மையாரின் கேள்வி

தாராவியில் வாழும் அம்மையார் ஒருவர் நமக்கு நெடுநாள் பழக்கமானவர். அவருடைய கணவர் ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஏலத்தில் வந்த ஆங்கில நாட்டுத் துளையிடும் இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தினார். மேசைமீது வைத்து இயக்கும் வகை. அரை அங்குலம் வரை துளையிடும். எடை ஏறத்தாழ 80 கிலோ. அவர் காலமானபின் மகன் அத்தொழிலை நடத்தி வந்தான்.

ஒருநாள் பட்டறையிலிருந்து தகடுகள் மூட்டையாகத் திரும்பி வந்துவிட்டன. துளைகள் வட்டமாக இல்லை. முட்டை வடிவில் இருந்தன. பதினைந்து நாளில் சரியான மாதிரி காட்டாவிடில் வேலையை வேறிடத்தில் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பினார்கள். மகன் பங்கார்க்காரரை அழைத்து விலை பேசிவிட்டான். இயந்திரத்தை எடைக்குப் போட்டு, எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்கிப் புதியது வாங்குவது என்பது அவன் முடிவு.

அம்மையார் நம்மிடம் சொன்னது இது: “தம்பி, அவர் கை வைத்த பொருள் என்பதற்காக நான் தடுக்கவில்லை. கடன் வாங்கிப் புதிது வாங்கி, அதுவும் இப்படி ஆகிவிட்டால் இயந்திரமும் இராது, கடன் மட்டும் இருக்கும். இது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.”

நாம் கருவி பிடித்துப் பழகியவர் அல்லர். ரயில்வே பண்டகசாலையில் உறுப்புகளின் எண்ணையும் அளவையும் ஏட்டில் எழுதும் குமாஸ்தா. ஆயினும் அந்தப் பழக்கமே இங்கு உதவும் என்று அம்மையார் கருதினார். மகனும், “ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கலாம் அண்ணா, அதற்குமேல் பங்கார்க்காரர் காத்திருக்கமாட்டார்” என்றான்.

நோய் எங்கே?

துளை கோணலானால் பேரிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுவது வழக்கம். அது சரியன்று. துளையூசியைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் ஒரு காரணமாகலாம். மூன்று தாடைகளும் ஒன்றாக நெருங்கிக் கவ்வும் சக்கினை அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை செய்தார். அவ்வகைச் சக்குகள் பல, ஸ்பிண்டிலின் கூம்பிய நுனியில் இறுகி உட்காருபவை. அக்கூம்புக்கு எண் உண்டு. வேறு எண்ணுள்ள சக்கை வைத்து அடித்தால், விளிம்பில் மட்டும் பற்றிக்கொண்டு ஆடும்.

ஆகவே முதலில் சக்கைக் கழற்றி, இரவல் வாங்கிய டயல் கேஜை ஸ்பிண்டிலின் நுனியில் வைத்து, புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தோம். சக்கு இல்லாமலே ஸ்பிண்டில் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. புல்லியைக் கழற்றி, ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் தள்ளியபோது ‘கடக்’ என்ற ஒலியும் கேட்டது. நோய் பேரிங்கில்தான் என்பது அதன்பின்னரே உறுதியாயிற்று. மேலும், கைப்பிடியைச் சுழற்ற ஸ்பிண்டிலை இறக்கும் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன.

இயந்திரத்தைப் பிரிக்கும்போது நமக்கொரு தண்டனை கிடைத்தது. கைப்பிடியை விட்டதும் ஸ்பிண்டில் தானே மேலேறுவதற்காக, தலைப்பகுதியின் பக்கத்தில் ஒரு மூடிக்குள் சுருள் பட்டை வில் ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் முறுக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தாமல் நட்டைக் கழற்றிவிட்டோம். மூடி சுழன்று கட்டைவிரலைக் கிழித்தது. இவ்வேலையில் இறங்குவோர் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நட்டை ஓரளவே தளர்த்தி, முறுக்கை மெதுவாக விடவேண்டும்; முகத்தை அதற்கு நேரே வைத்தலாகாது.

நாம் செய்த பிழை

பேரிங்கின்மேல் இருந்த எழுத்துகள் தேய்ந்துவிட்டிருந்தன. அது இன்னும் ஸ்பிண்டிலிலேயே இறுகியிருந்ததால், வெளிவிட்டத்தையும் தடிமனையும் மட்டும் சாதாரண அளவுகோலால் அளந்தோம். 47 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டோம். பண்டகசாலை ஏடுகளில் பலமுறை எழுதிய எண் உடனே நினைவுக்கு வந்தது: 6204. இவ்வகை எண்களில் கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேற்பட்டிருந்தால், அதனை ஐந்தால் பெருக்க உள்துளையின் அளவு கிடைக்கும். 04 என்றால் 20 மில்லிமீட்டர். 6204 பேரிங்கின் அளவு 20, 47, 14. ஐயமே இல்லை என்று எண்ணி, இரண்டு வாங்கி வந்தோம்.

பழையதை இழுத்தெடுத்துப் புதியதை ஸ்பிண்டிலில் நுழைத்தபோது, வளையல் கையில் ஆடுவதுபோல் ஆடியது. மகன் நம் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் வெர்னியர் வைத்து முறையாக அளந்தோம். ஸ்பிண்டில் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். பேரிங்கின் வெளிவிட்டம் 47.6, அதாவது ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம். இயந்திரம் ஆங்கில நாட்டது. அதன் உறுப்புகள் யாவும் அங்குலக் கணக்கில் அமைந்தவை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ஆம் ஆண்டில் வந்தது. அந்தச் சட்டத்திற்கு இந்த இரும்பு என்ன செய்யும்?

தகரச் சீவலைச் சுற்றி இறுக்கிவிடலாமா என்று மகன் கேட்டான். நமக்கும் ஆசைதான். ஆனால் அவன் தந்தையோடு பணியாற்றிய முதிய டர்னர் ஒருவர் வந்து பார்த்து, “தகரம் ஒரு வாரம் பிடிக்கும், பிறகு ஸ்பிண்டிலையே அரைத்துவிடும். பேரிங் போனால் வாங்கலாம். ஸ்பிண்டில் போனால் என்ன செய்வாய்?” என்று தடுத்தார். அவர் தடுத்திராவிட்டால் இக்கட்டுரையே இல்லை.

மறுநாள் அலுவல் முடிந்தபின் மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி, நாகதேவி தெருவுக்கு மறுபடியும் சென்றோம். இம்முறை இயந்திரத்தின் பெயரைச் சொல்லவில்லை. முக்கால் அங்குல உள்துளை, ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குல வெளிவிட்டம், ஒன்பது பதினாறில் ஓரங்குலத் தடிமன் என்று தாளில் எழுதிக் காட்டினோம். இரண்டு கடைகளில் கையை விரித்தனர். மூன்றாவது கடைப் பெரியவர் தாளைப் பார்த்ததும் ‘ஆர்.எல்.எஸ். 6’ என்று சொல்லி, பரணிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு பெட்டிகளை இறக்கினார்.

இதில் நாம் கற்றது ஒன்றே. பழைய இயந்திரத்துக்கு உறுப்புத் தேடுவோர் செய்தவர் பெயரைத் தேடி அலைகின்றனர். அக்கம்பெனியோ பெரும்பாலும் மூடிப்போயிருக்கும். பெயர் மறைந்தாலும் அளவு மறைவதில்லை. அளவைக் கொண்டு கேட்டால் உறுப்பு கிடைக்கும். ஆனால் ‘ஏறக்குறைய’ என்பது அளவன்று.

பல்லை எண்ணுதல்

அடுத்தது உடைந்த பல்சக்கரம். இது கடையில் கிடைப்பதன்று, செய்விக்கவேண்டும். செய்பவருக்குப் பல்லின் அளவு சொல்லவேண்டும். அதற்கு எளிய கணக்கு உண்டு. பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதனைச் சக்கரத்தின் வெளிவிட்ட அங்குலத்தால் வகுத்தால் வருவது ஆங்கில முறைப் பல்லளவு. வெளிவிட்ட மில்லிமீட்டரை அதே தொகையால் வகுத்தால் வருவது மெட்ரிக் முறையின் மாட்யூல். இரண்டில் எது கழிவில்லாத எண்ணாக வருகிறதோ, சக்கரம் பெரும்பாலும் அம்முறையைச் சேர்ந்தது.

இந்தச் சக்கரத்தில், உடைந்தவற்றையும் சேர்த்து, 14 பற்கள். வெளிவிட்டம் 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஓரங்குலம். 14-உம் 2-உம் 16. ஆங்கில முறையில் 16 என்று முழுமையாக வருகிறது. மெட்ரிக்கில் 1.59 வருகிறது, இதனை 1.5 என்று எண்ணி வெட்டினால் மறுபடியும் ‘ஏறக்குறைய’தான். ஐயம் தீர, இச்சக்கரம் ஏறி இறங்கும் பல்சட்டத்தில் பத்துப் பற்களின் நீளத்தை அளந்தோம். 16 என்ற முறையானால் 49.9 மில்லிமீட்டர் வரவேண்டும், 1.5 மாட்யூலானால் 47.1 வரவேண்டும். ஐம்பதை ஒட்டியே வந்தது.

கணக்கை எழுதி, உடைந்த சக்கரத்தையும் மாதிரியாகக் கொடுத்து, அருகிலுள்ள சிறு பட்டறை ஒன்றில் வெட்டச் சொன்னோம். நான்கு நாளில் கிடைத்தது. வேறு ஊர்களில் வாழும் அன்பர்களுக்கும் இது அரிதன்று. கல்கத்தாவை அடுத்த ஹவுரா, பஞ்சாபின் லூதியானா, பட்டாலா, குஜராத்தின் ராஜ்கோட், நம் கோயமுத்தூர் ஆகிய இடங்கள் சிறு இயந்திரப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றவை. அவர்கள் மொழி நமக்குத் தெரியாதிருக்கலாம்; உடைந்த உறுப்பும் எழுதிய எண்ணும் எம்மொழியினருக்கும் விளங்கும்.

வாங்குவன, செய்விப்பன, காப்பன

பழைய இயந்திரத்தின் உறுப்புகளை மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம். பேரிங், பெல்ட், சக்கு, மோட்டார் ஆகியவை வாங்கத்தக்கவை. பெல்ட்டில் எண் அழிந்திருந்தால் மேல் அகலத்தை அளக்கவேண்டும். 13 மில்லிமீட்டரானால் ‘ஏ’ வகை, 17 ஆனால் ‘பி’ வகை. எழுத்தை அடுத்த எண் உட்சுற்றளவின் அங்குலத்தைக் குறிக்கும். பல்சக்கரம், கைப்பிடி, புல்லி ஆகியவை செய்விக்கத்தக்கவை. அடிப்பலகை, தூண், மேசை, தலைப்பகுதி ஆகிய வார்ப்பிரும்பு உறுப்புகளும் ஸ்பிண்டிலும் காக்கத்தக்கவை. இவை நேராகவும் விரிசலின்றியும் இருக்குமாயின், இயந்திரம் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். வார்ப்பிரும்பைச் சுத்தியலால் அடித்தலாகாது, வளையாது, உடையும். இறுகிய இடத்தில் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டு, ஓரிரவு பொறுத்தால் பெரும்பாலும் இளகும்.

மரைகளிலும் கவனம் வேண்டும். விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-ஆம் ஆண்டில் வகுத்த மரையில் அரை அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 சுற்று. அமெரிக்க முறையின் பருமரையில் 13. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. இரண்டு சுற்று ஏறி, பிறகு இறுகினால் ஸ்பானரை வைத்து வலிந்து திருகாமல், போல்ட்டை மாற்றவேண்டும்.

வீட்டிலேயே வேலை செய்வோருக்கு மற்றுமொரு எச்சரிக்கை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால், தூள் குழந்தைகளின் உணவிலும் படுக்கையிலும் சேரும். மகன் புதுப்பச்சை பூச விரும்பினான். அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார். துடைத்து எண்ணெய் பூசியதோடு நிறுத்திக்கொண்டோம். மோட்டாருக்குத் தரைக்கம்பி இணைப்பை மட்டும் புதிதாகப் போடச் செய்தோம்; அது முன்பு இல்லாமலே இத்தனை ஆண்டும் ஓடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

சொன்ன ஞாயிறுக்குள் வேலை முடியவில்லை. பங்கார்க்காரர் வந்தார், அம்மையார் தேநீர் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த ஞாயிறு எல்லாம் பூட்டி, டயல் கேஜை வைத்துச் சுற்றினோம். முன்பு 0.4 ஆடிய இடத்தில் முள் 0.03-க்குமேல் அசையவில்லை. பத்து மில்லிமீட்டர் துளையூசிக்கு மென்னிரும்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 சுற்று போதும். மோட்டாரோ 1440 சுற்றுவது. பெல்ட்டை அதற்கேற்ற படிக்கு மாற்றி, தகட்டை மேசையோடு இறுக்கி, மகன் கைப்பிடியை இறக்கினான். இரும்புச் சுருள் இருபுறமும் ஒரே சீராக ஏறி வந்தது. டர்னர் துளைக்குள் வெர்னியரை நான்கு திசையில் வைத்துப் பார்த்து, “வட்டம்” என்று மட்டும் சொன்னார்.

மாதிரித் தகடுகள் கெடு முடிவதற்கு ஒருநாள் முன்னதாகப் பட்டறைக்குச் சென்றன, ஏற்றுக்கொள்ளப்பட்டன. செலவான தொகை, பங்கார்க்காரர் தருவதாகச் சொன்னதில் பாதிக்கும் குறைவு. நாம் வீணாக வாங்கிய 6204 இரண்டையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது நம் பாடத்திற்குக் கொடுத்த கட்டணம்.

எல்லாப் பழைய இயந்திரமும் பிழைக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. தூண் வளைந்ததையும் தலைப்பகுதி பிளந்ததையும் எடைக்குப் போடுவதே அறிவுடைமை. அளந்து பார்த்தபின் போடவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சென்ற வாரம் அவ்வீட்டிற்குப் போயிருந்தபோது, இயந்திரத்திற்கு மேலுள்ள சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேரிங், பெல்ட், பல்சக்கரம், சக்கு ஆகிய ஒவ்வொன்றின் அளவையும் மகன் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான். “அப்பா இதையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தார், அண்ணா, அதனால்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று” என்றான். இயந்திரம் வைத்திருக்கும் அன்பர்கள், அது நன்றாக ஓடும்போதே, அப்படி ஒரு தாளை எழுதி ஒட்டிவிடுவார்களாக.