மாங்காய்க்கு ஏது மாநிலம்?
எல்லைப்புற விவசாயிகளின் கேள்வி

(நமது பகுதி நேர நிருபர்)

குடுபல்லி:

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரெயில் பாதையில், குப்பத்துக்கும் பிசாநத்தத்துக்கும் நடுவே உள்ள சிறிய ஊர் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலை இது. கூப்பிடு தூரத்தில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். தெற்கே போனால் தமிழ்நாடு. இங்குள்ளவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், சந்தையில் தெலுங்கு பேசுவார்கள், எல்லை தாண்டினால் கன்னடம் பேசுவார்கள். 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் இப்பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது.

மூன்று மொழியும் தெரிந்த இந்த மக்களுக்கு 2025 மாங்காய் சீசனில் ஒரு சங்கடம் வந்தது. அதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

கிளிமூக்கு மாங்காய்

தோதாபுரி என்றும் பெங்களூரா என்றும் சொல்லப்படும் மாங்காயை நம் ஊர்களில் கிளிமூக்கு மாங்காய் என்பார்கள். இதை வாங்கி அப்படியே சாப்பிடுகிறவர்கள் குறைவு. பெரும்பகுதி ஆலைக்குப் போய்க் கூழாகிறது. குளிர்பானக் கம்பெனிகளுக்கும், சவூதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து போன்ற நாடுகளுக்கும் அந்தக் கூழ் செல்கிறது. தோலும் கொட்டையும் போனால், ஒரு கிலோ கூழுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ மாங்காய் வேண்டும்.

இந்தக் கூழ் ஆலைகள் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நிறைய உள்ளன. கிருஷ்ணகிரியிலும் உண்டு. சுற்றுவட்டார விவசாயி எந்த மாநிலத்தவராக இருந்தாலும் இந்த ஆலைகளையே நம்பி மரம் வைத்திருக்கிறார்.

8-ம் 4-ம் 12

2025-ல் காய்ப்பு அமோகம். ஆனால் முந்தைய சீசனில் அரைத்த கூழே பல ஆலைகளில் விற்காமல் கிடந்தது. வாங்க ஆள் இல்லாமல் விலை சரிந்தது. கொள்முதல் இடங்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன.

ஆந்திர அரசு தலையிட்டது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் தரும், ஆக விவசாயிக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். 5 டன் ஏற்றிச் சென்ற விவசாயிக்கு அரசு மானியம் மட்டுமே 20 ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆனால் ஆலைகள் 8 ரூபாய் தருவதில்லை என்று பல இடங்களில் விவசாயிகள் புகார் கூறினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

உள்ளூர் விவசாயிக்குக் கொடுக்கும் சலுகையைப் பக்கத்து மாநிலச் சரக்கு தட்டிப் பறித்துவிடக் கூடாது என்பதற்காக, அதே ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோதாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை போடப்பட்டது. கர்நாடக முதல்-மந்திரி சித்தராமையா, ஆந்திர முதல்-மந்திரி சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். பிறகு மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் கர்நாடகத்தில் 2½ லட்சம் டன் வரை விலை வித்தியாசத் தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது.

ஒரு பெரியவரின் கேள்வி

எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். வீடு ஆந்திராவில். பாட்டனார் காலத்துத் தோப்பு, எல்லைக்கு அந்தப் பக்கம். மாங்காய் ஏற்றிய வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு நாள் மாலை ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு ஓட்டு இங்கே. தோப்புக்குப் பட்டா அங்கே. ஆலையும் இங்கே. இப்போது என் மாங்காய் எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் ரெயில்வே குமாஸ்தா. டிக்கெட்டில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று பார்த்துச் சொல்ல முடியும். இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பிய வண்டியிலிருந்த காய் பாதிக்கு மேல் அழுகி, மீதி மாட்டுக்குப் போனது.

தாமே செய்து விற்றால்?

ஆலையை நம்பாமல் நாமே ஊறுகாய், வற்றல், மாம்பழத் தாண்ட்ரா செய்து விற்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு, குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 10 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஐந்தாண்டு என்றிருந்து, பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. தனிநபர் தொழிலுக்கு, செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். மகளிர் குழு உறுப்பினருக்குத் தலா 40 ஆயிரம் ரூபாய் வரை தொடக்க மூலதனம்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 35 சதவீத மானியம் கையில் ரொக்கமாக வராது. 3 லட்சம் ரூபாய் இயந்திரம் என்றால், குறைந்தது 30 ஆயிரம் ரூபாய் நாம் போடவேண்டும். மீதிக்கு வங்கி கடன் தரவேண்டும். 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் மானியம் வங்கியிலேயே இருக்கும். மூன்று ஆண்டு தவணை ஒழுங்காகக் கட்டித் தொழிலும் நடந்தால்தான் அது கடனில் கழியும். ஆகவே வங்கி மனது வைக்காவிட்டால் மானியமும் இல்லை.

குப்பம் பக்கத்தில் வற்றல் போடும் பெண்மணி ஒருவருக்கு உலர்த்தும் இயந்திரம் வாங்க நானே மனு எழுதிக் கொடுத்தேன். டூட்டி முடிந்து மூன்று மாலை ஆயிற்று. ஒரு வங்கிக் கிளையில் அது இருமுறை திரும்பி வந்தது. ஒருமுறை விலைப்புள்ளி சரியில்லையாம். மறுமுறை திட்ட அறிக்கை சரியில்லையாம். மூன்றாம் முறை கடன் கிடைத்தது. அப்போது மாங்காய் சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, இனி அடுத்த வருடம் மரம் பூக்கட்டும். அதுவரை தவணை கட்ட ராகி மாவு அரைக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். அரைத்துக் கொண்டிருக்கிறார்.

காலம் தவறிய உதவி

மாங்கூழுக்கு ஜி.எஸ்.டி. வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அதுவும் நிறைவேறியது. எப்போது? 2025 செப்டம்பர் 22-ந் தேதி. ஜூன், ஜூலையில் காயைக் கொட்டிவிட்டுப் போன விவசாயிக்கு அந்த ஆண்டு அதனால் பயன் இல்லை.

அரசு உதவவில்லை என்று யாரும் சொல்லவில்லை. உதவி வருகிறது, சீசன் போன பிறகு வருகிறது. உதவி வருகிறது, எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது. இதுதான் குறை.

கோரிக்கை

இப்பகுதி மக்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. மரம் பூக்கும்போதே மூன்று மாநில அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, ஆலைகளில் எவ்வளவு கூழ் தேங்கியிருக்கிறது, எவ்வளவு காய் வரும் என்று கணக்குப் பார்த்து, கொள்முதல் விலையை மார்ச்சிலேயே அறிவிக்க வேண்டும். மானியத்தை அந்தந்த மாநிலம் தன் விவசாயிக்குக் கொடுக்கட்டும். வண்டியை மறிக்க வேண்டாம். வற்றல், ஊறுகாய்த் தொழிலுக்கான கடன் மனுக்களைச் சீசனுக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டும்.

பெரியவரின் தோப்பு அடுத்த சீசனிலும் காய்க்கும். எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது மரத்துக்குத் தெரியாது. சம்பந்தப்பட்டவர்கள் அதற்குள் ஆவன செய்வார்களா?